கருப்பட்டி வாசம் அடித்த கறுப்பு லாகர்

செக் குடியரசின் பிர்னோ நகரத்தில் நான் வந்து இறங்கியது ஒரு நவம்பர் மாதம். மாலை நாலரைக்கெல்லாம் இருட்டிவிடும். வேலை முடிந்து அறைக்குப் போனால் பேச ஆள் கிடையாது. கடைக்காரம்மாவிடம் 'டோப்ரி டென்' சொல்வதோடு அன்றைய செக் மொழி முடிந்துவிடும். தங்கும் அனுமதிக்காக ஏறி இறங்கிய அலுவலகத்தில், ஒரு தாள் குறைகிறதென்று இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். இரண்டாம் முறை முகம் தொங்கி வந்ததைப் பார்த்து, கூட வேலை பார்க்கும் செக் நாட்டுக்காரர் ஒருவர் சாயங்காலம் என்னைக் கையோடு அழைத்துப் போனார்.

போன இடம் 'நா ஸ்டோயாகா'. பெயருக்கே நின்றபடி என்றுதான் அர்த்தம். உள்ளே உட்கார இடம் தேடக் கூடாது. எதிரே புனித யாக்கூப் தேவாலயம். கோடையில் கூட்டம் வழிந்து தேவாலயச் சுவரோரம் வரை கோப்பையும் கையுமாக நிற்கும்.

ஊரில் நான் பீர் குடிக்காதவன் இல்லை. ஆனால் டாஸ்மாக்கில் வாங்கி, பல் கூசக் குளிரவைத்து, மடமடவென்று இறக்கித்தான் பழக்கம். நாக்கில் என்ன தங்குகிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. அவர் வாங்கித் தந்தது கறுப்பு லாகர் என்ற பீர் வகை. 'ட்மவே' என்கிறார்கள், அதாவது இருண்டது. பார்க்க வரக்காப்பி மாதிரி இருந்தது. விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தால் ஓரத்தில் மாதுளம்பழச் சிவப்பு. மூக்கருகே கொண்டுபோனவன் அப்படியே நின்றுவிட்டேன். உடன்குடிப் பக்கம் எங்கள் தாத்தா ஊரில், கருப்பட்டி காய்ச்சும் விடிலியில் பதநீர் கொதித்துப் பாகாகி, கருகுவதற்கு ஒரு நிமிஷம் முன்னால் ஒரு வாசம் கிளம்புமே, அதே வாசம். ஏழாயிரம் கிலோமீட்டர் தள்ளி, பார்லியிலிருந்து அது வந்தது.

எப்படி வந்தது என்று கேட்டேன். அங்கே தொடங்கியது எனக்கு இந்தப் பைத்தியம். கறுப்பு லாகரிலும் பெரும்பங்கு வெளிறிய மால்ட்தான், அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லி. கூடவே பாகு வாசம் தரும் மால்ட்டும், நன்றாக வறுத்தது கொஞ்சமும் சேர்க்கிறார்கள். லாகர் ஈஸ்ட் 8 முதல் 12 டிகிரி வரையான குளிரில் மெதுவாக வேலை செய்யும். தன் பங்குக்குப் பழ வாசம் அவ்வளவாகச் சேர்க்காது. அப்புறம் பீர் வாரக்கணக்கில் குளிர் அறையில் கிடக்கும். அதனால் மால்ட்டின் வாசம் கலப்படமில்லாமல் நிற்கிறது. கறுப்பு என்றாலே கனம், போதை அதிகம் என்று நம்மவர்கள் பலர் நினைக்கிறார்கள், அது தவறு. இங்கே எல்லாக் கடையிலும் கிடைக்கும் கோசெல் கறுப்பில் ஆல்கஹால் வெறும் 3.8 சதவீதம்தான்.

அடுத்த வாரமே ஒரு நோட்டு வாங்கினேன். இருபது மார்க்: நிறத்துக்கும் நுரைக்கும் மூன்று, வாசனைக்கு ஐந்து, சுவைக்கு ஏழு, விழுங்கிய பின் நாக்கில் நிற்பதற்கு ஐந்து. செக் எண்களும் இப்படித்தான் வாயில் ஏறின. டெசீட்கா, யெடெனாட்ஸ்ட்கா, ட்வனாட்ஸ்ட்கா என்றால் பத்து, பதினொன்று, பன்னிரண்டு டிகிரி. இது ஆல்கஹால் அளவு இல்லை. ஈஸ்ட் போடும் முன் சாற்றில் இருக்கும் மால்ட் சத்தின் அளவு: நூறு கிராமில் பன்னிரண்டு கிராம் இருந்தால் பன்னிரண்டு டிகிரி. இது விளங்கிய பிறகுதான் பலகையில் எழுதியிருப்பதைப் பார்த்து நானாக ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடிந்தது. ஐந்து மாதத்தில் நான் முழு வாக்கியமாகப் பேசிய முதல் செக், ஒரு பன்னிரண்டு டிகிரி கறுப்பு கேட்டதுதான்.

பிராகில் 1499 முதல் பீர் காய்ச்சும் ஊ ஃப்லெக்கூவுக்கு, 13 டிகிரி கறுப்பு லாகர் குடிக்கவென்றே ரயிலேறிப் போனேன். பதினெட்டு மார்க் போட்டேன். வறுத்த ரொட்டி, கருப்பட்டி, கடைசியில் மெல்லிய கசப்பு. நாலு மணி நேரம் கழித்து ரயிலிலும் அது நாக்கில் இருந்தது.

பேல் ஏல் என்கிற வெளிறிய நிற பீர் வகையில்தான் தப்பு செய்தேன். மதுஷ்கா என்ற சிறு ஆலையின் 'கலிஃபோர்னியா'வுக்கு முதல் தடவை ஒன்பது மார்க் போட்டேன். அது என் தவறு, பீரின் குறை இல்லை. ஊறவைத்த ஹெர்மெலின் பாலாடைக்கட்டியைப் பூண்டும் மிளகாயுமாகத் தின்றுவிட்டு, கறுப்பு லாகரைப் போல முக்கால் மணி நேரம் வைத்து வைத்துக் குடித்தேன். ஏல் ஈஸ்ட் 20 டிகிரியை ஒட்டிய சூட்டில் வேகமாக வேலை செய்து, தானும் பழ வாசம் விடும். அதன் மேல் பீருக்குக் கசப்பும் வாசமும் தரும் ஹாப்ஸ் பூவைக் கடைசியில், சில சமயம் புளித்து முடிந்த பிறகும் போடுகிறார்கள். கொதிக்காததால் வாசம் தங்குகிறது. 1972ல் வெளியான கேஸ்கேட் என்ற அமெரிக்க ஹாப்ஸும், 1980ல் கலிஃபோர்னியாவில் சியரா நெவாடா காய்ச்சிய பேல் ஏலும் உலகத்துக்குக் காட்டிய வழி இது. அந்த வாசம் சீக்கிரம் பறந்துவிடும். பாட்டில் என்றால் தேதி பார்த்து வாங்க வேண்டும்.

இரண்டாம் முறை வெறும் வயிற்றில், தண்ணீரும் ரோஹ்லிக் ரொட்டியும் மட்டும் வைத்துக்கொண்டு குடித்தேன். நாரத்தை இலையைக் கசக்கினாற்போல் ஒரு வாசம், பின்னால் மாங்காய்த் தோல். பதினாறு போட்டேன்.

அன்றிலிருந்து நோட்டில் இரண்டு பகுதி. பேல் ஏலுக்கு மார்க் முதல் ஐந்து நிமிஷத்தில். கறுப்பு லாகருக்குக் கடைசி மடக்கு இறங்கி, கோப்பை காலியான பிறகுதான். இரண்டையும் ஒரே அளவுகோலில் நிறுத்தி இது பெரிது, அது சிறிது என்பவர்களோடு எனக்கு உடன்பாடே இல்லை. ஒரே நாளில் இரண்டையும் சுவைப்பதென்றால் லாகர் முதலில், அளவு சிறியதாக. ஹாப்ஸ் கசப்பு ஏறிய நாக்குக்கு மால்ட் தெரியாது. வீட்டுக்கு டிராமில்தான் வர வேண்டும். இங்கே வண்டி ஓட்டுபவர் ரத்தத்தில் ஆல்கஹால் பூஜ்யமாக இருக்க வேண்டும், அது நல்ல சட்டம்.

நோட்டைப் புரட்டிய அந்தச் செக் நண்பர் ஒருநாள் கேட்டார், பக்கத்துக்குப் பக்கம் இந்த ஒரு சொல் வருகிறதே, அது என்ன என்று. கருப்பட்டி என்று சொன்னேன். விளக்கத் தெரியவில்லை. போன பொங்கலுக்கு ஊருக்குப் போய்த் திரும்பும்போது நாலு வட்டு எடுத்து வந்தேன். அதே நா ஸ்டோயாகாவில், ஒரு துண்டை உடைத்து அவர் கையில் வைத்தேன். முகர்ந்தார். கடித்தார். கறுப்பு லாகரை ஒரு மடக்குக் குடித்துவிட்டுச் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் என் நோட்டை இழுத்து, நான் போட்டிருந்த பதினைந்தை அடித்துவிட்டுப் பதினேழு என்று எழுதினார். மீதித் துண்டை மனைவிக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்டு, கோப்பைக்கு அடியில் வைக்கும் அட்டையை எடுத்து அதன் மேல் வைத்து, சட்டைப் பையில் அலுங்காமல் வைத்துக்கொண்டார்.