எந்த டெல்டா?

டெல்டா மரவேலை இயந்திரம் பழையதாக விலைக்கு வந்தால், பெயரைப் பார்த்துக் காசு கொடுக்கக் கூடாது. 1919-ல் அமெரிக்காவின் மில்வாக்கியில் ஹெர்பர்ட் டாட்ஸ் தொடங்கிய கம்பெனி அது. 1945-ல் ராக்வெல் வாங்கியது. 1980-களில் பென்டேர், 2004-ல் பிளாக் அண்ட் டெக்கர் என்று கைமாறி, 2011-ல் தைவானின் சாங் டைப்பிடம் போய்ச் சேர்ந்தது. இயந்திரத்தின் பெயர்த் தகட்டில் டெல்டா மட்டும் என்றால் இரண்டாம் உலகப் போருக்கு முந்தையதாகவும் இருக்கலாம், பென்டேர் காலத்ததாகவும் இருக்கலாம். ராக்வெல் பெயரும் இருந்தால் நடுக்காலம் என்று தெரிந்துவிடும்.

முதலாளி மாறியதால்தான் தரம் கெட்டது என்று சொல்வார்கள். ஆனால் அது பாதி உண்மைதான். யூனிசா என்ற கனமான மேடை ரம்பமும், அலுமினிய மேடையும் கை டிரில்லில் இருப்பதுபோன்ற இரைச்சலான யுனிவர்சல் மோட்டாரும் கொண்ட சின்ன ரம்பமும் ஒரே காலத்தில் ஒரே பெயரில் விற்றன. குழப்பத்தின் வேர் அங்கேதான். ஆண்டைவிட, வார்த்த இரும்பின் கனத்தைப் பாருங்கள்.

1939-ல் வந்த யூனிசா 10 இஞ்ச் ரம்பம். பழையதைச் சோதிக்கும்போது பெல்ட் மூன்றையும் கழற்றி பிளேடு மாட்டும் ஷாஃப்டைக் கையால் சுற்றுங்கள். மணல் அரைப்பதுபோல உணர்ந்தால் பேரிங் போயிற்று. அது சின்னச் செலவு. பெல்ட் மாற்றினால் மூன்றையும் சேர்த்தே மாற்றணும். ஒன்றை மட்டும் மாற்றினால், நீண்டுபோன இரண்டும் சும்மா ஓட, புதியது முழுச் சுமையையும் தாங்கிச் சீக்கிரம் தேயும்.

பிளேடின் சாய்வு 45 டிகிரி வரை போகாமல் நின்றால் பயந்துவிடாதீர்கள். பெரும்பாலும் பல்சக்கரத்தில் மரத்தூளும் பிசினும் இறுகியிருக்கும். கம்பி பிரஷ்ஷும் டர்பன்டைனும் போதும். பிறகு கிரீஸ் தடவாதீர்கள், தூளை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். பேஸ்ட் மெழுகு நல்லது.

அடுத்தது, பிளேடு மேடைக்கு நேர்கோட்டில் இருக்கிறதா என்பது. பிளேடின் ஒரே பல்லில் அடையாளம் வைத்து, முன்னும் பின்னும் மைட்டர் காடியிலிருந்து (மேடையில் பிளேடுக்கு இணையாக ஓடும் பள்ளம்) தூரம் அளக்கணும். வித்தியாசம் 0.005 இஞ்சுக்குள் இருந்தால் வேலைக்கு ஆகும். அதிகமானால் மேடையைப் பெட்டியில் பிடித்திருக்கும் நான்கு போல்ட்டில் மூன்றைத் தளர்த்தி, நாலாவதை அச்சாக வைத்து மரச் சுத்தியால் தட்டித் திருப்புங்கள். பிளேடு நிமிர்ந்து 90 டிகிரியில் சரியாக இருந்து, 45-க்குச் சாய்த்ததும் விலகினால், மேடையின் முன்பக்கமோ பின்பக்கமோ அடியில் ஷிம் எனும் மெல்லிய தகடு வைக்கணும். பலர் இந்த இரண்டாம் சோதனையைச் செய்வதே இல்லை. சாய்வு வெட்டில் பலகை கருகும்போது பிளேடைத் திட்டுவார்கள்.

மோட்டார் எரிந்துபோன யூனிசாவை யோசித்து வாங்குங்கள். அதன் மோட்டார் பிடி தனி வகை, சாதாரண மோட்டார் நேராக உட்காராது.

டெல்டாவின் 14 இஞ்ச் பேண்ட்சாவில் (இரண்டு சக்கரங்களில் வளையமாக ஓடும் பட்டை ரம்பம்) நிலைமை தலைகீழ். அந்த வடிவத்தைப் பல கம்பெனிகள் நகலெடுத்துவிட்டதால் உதிரிபாகம் எளிதில் கிடைக்கும். நிலையான பிளேடு நீளம் 93½ இஞ்ச், உயரத்தைக் கூட்டும் ரைசர் பிளாக் போட்டால் 105. பலவீனம் மேல் சக்கரத்தைத் தாங்கும் கீல். டைகாஸ்ட், அதாவது அச்சில் வார்த்த துண்டு அது. பிளேடை நாள் கணக்கில் இறுக்கமாகவே விட்டால் வளையும் அல்லது விரியும். மேல் மூடியைத் திறந்து அங்கே விரிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். டென்ஷன் ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றோடொன்று முட்டி நின்றால் அதையும் மாற்றணும்.