ஆட்டோசெகண்ட் துடிப்பு: செமினாருக்கும் வைவாவுக்கும் படித்த விதம்

எம்.எஸ்சி. இயற்பியல் கடைசி செமஸ்டரில் ஆட்டோசெகண்ட் (ஒரு செகண்டில் 10¹⁸இல் ஒரு பங்கு) அளவில் நீடிக்கும் ஒளித் துடிப்பைத் தலைப்பாக எடுத்திருக்கும் வேலூர்ப் பக்கத்துத் தம்பி தங்கைகளுக்காக எழுதுகிறேன். 2023 நோபல் பெற்ற அகோஸ்தினி, க்ரவுஸ், லூலியே பெயர்களை முதல் ஸ்லைடிலேயே முடித்துவிடுங்கள். எக்ஸாமினர் கதை கேட்க வருவதில்லை.

என்னிடம் முதலில் கேட்டது: "இருக்கிற லேசர் துடிப்பையே இன்னும் சுருக்கினால் என்ன?" 800 நானோமீட்டர் ஒளி ஒருமுறை அலைந்து முடிக்கவே 2.67 ஃபெம்டோசெகண்ட், அதாவது 2,670 ஆட்டோசெகண்ட் ஆகிறது. துடிப்பு சுருங்கச் சுருங்க அதன் நிறமாலை அகலமாக வேண்டும்: 100 ஆட்டோசெகண்டுக்கு இறங்க, ஏறக்குறைய 18 எலக்ட்ரான்வோல்ட் அகலமுள்ள நிறமாலை வேண்டும். கண்ணுக்குத் தெரியும் ஒளி முழுவதையும் சேர்த்தாலும் ஒன்றரை எலக்ட்ரான்வோல்ட்தான் தேறும். அதனால்தான் புறஊதாவின் கடைக்கோடிக்குப் போகிறோம்.

போகும் வழி, இயற்பியலாளர் கார்க்கம் 1993இல் சொன்ன மூன்று படிகள்: லேசர் புலம் அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்க்கிறது, ஓடவிடுகிறது, புலம் திசை மாறியதும் திருப்பி மோதவிடுகிறது. மோதலில் சேர்ந்த ஆற்றல் ஒளியாக வெளிவருகிறது. படம் வரைந்தால் போதும்.

நேரத்தைச் செலவிட வேண்டியது கட்-ஆஃப் (வெளிவரும் ஒளியின் உச்ச ஆற்றல்) கணக்கில். அயனியாக்க ஆற்றலோடு 3.17 மடங்கு பாண்டெரோமோட்டிவ் ஆற்றல் (லேசர் புலத்தில் ஆடும் எலக்ட்ரானின் சராசரி இயக்க ஆற்றல்). ஆர்கானுக்கு முதலாவது 15.76 எலக்ட்ரான்வோல்ட். அதே 800 நானோமீட்டர் லேசரைச் சதுர சென்டிமீட்டருக்கு 10¹⁴ வாட், அதாவது நூறு லட்சம் கோடி வாட் தீவிரத்தில் செலுத்தினால், இரண்டாவது கிட்டத்தட்ட 6. கூட்டினால் 35 பக்கம் வரும். லேசரின் ஒரு ஃபோட்டான் ஆற்றலான 1.55ஆல் வகுத்தால் ஹார்மோனிக் எண் (லேசர் அதிர்வெண்ணைப் போல் எத்தனை மடங்கு என்பது) 22க்குச் சற்று மேல். ஆனால் எழுத வேண்டிய விடை 21! தீவிரத்தை இரட்டிப்பாக்கினால் 33. காட்பாடியிலிருந்து சேர்க்காடு போகும் பஸ்ஸிலேயே நண்பனும் நானும் கால்குலேட்டரில் இப்படி மாற்றி மாற்றிப் போட்டோம்.

"22 ஏன் வராது?" என்ற கேள்வி நிச்சயம். ஒவ்வொரு அரை அலைவிலும் இதே நிகழ்ச்சி எதிர்த்திசையில் நடக்கிறது. வாயுவில் இரட்டைப்படை ஹார்மோனிக்குகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அடுத்து வட்ட முனைவாக்கம் (லேசர் புலம் சுழன்றுகொண்டே வருவது) பற்றிய கேள்வி வரும்: எலக்ட்ரான் வளைந்து விலகிப் போய்விடும், தாய் அயனியை மோதாது. 3.17ஐயும் விடமாட்டார்கள். புலத்தின் உச்சத்துக்கு 18 டிகிரி கழித்துப் பிறக்கும் எலக்ட்ரானே அதிக ஆற்றலோடு திரும்புகிறது. நியூட்டன் சமன்பாட்டை எக்செலில் போட்டாலே கிடைத்துவிடும்.

2001 முடிவுகளைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். 250 ஆட்டோசெகண்ட் துடிப்புகளின் தொடர் அகோஸ்தினி குழுவினுடையது. 650 ஆட்டோசெகண்ட் தனித்துடிப்பு க்ரவுஸ் குழுவினுடையது. ஸ்ட்ரிக்லண்ட், மூரூவின் 1985 லேசர் பெருக்க முறைக்கு (துடிப்பை நீட்டி, பெருக்கி, மறுபடி சுருக்குவது) ஒரு ஸ்லைடு ஒதுக்குங்கள். அவ்வளவு தீவிரம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் அதைத்தான் காட்ட வேண்டும்.