மண் நிண்டு பாக்கும், தத்தி நிக்காது

நான் கிளிநொச்சியில விவசாயப் போதனாசிரியரா வேலை செய்யுறன், அதோட பகுதிநேரமா எம்ஃபிலும் இழுபட்டுக்கொண்டு போகுது. மகனுக்கு மூளை வாதம், வலிப்பும் இருக்கு, ஒழுங்கா விழுங்க ஏலாது எண்டபடியா மூக்கால ரியூப் போட்டுத்தான் பால், கஞ்சி எல்லாம். எங்க போனாலும் ஆக்கள் கேக்கிறது, பிள்ளையையும் படிப்பையும் எப்பிடி பலன்ஸ் பண்ணுறியள் எண்டு. பலன்ஸ் எண்டு ஒண்டும் இல்ல, நான் ஆராய்ச்சிக் கேள்விய மாத்தினனான்.

முதல் எடுத்த தலைப்பு நெல்லில கபில நிறத் தத்தி, நெற்பயிரின்ர சாற உறிஞ்சிற சின்னப் பூச்சி. அது எனக்கு நல்ல விருப்பமான சாமான், இப்பவும் வயல் வட்டம் வட்டமா எரிஞ்ச மாதிரிக் கிடந்தா காலை வரம்பால இறக்காமல் போக மனம் வராது. ஆனா தத்திய எண்ணுறதெண்டா ஒவ்வொரு கிழமையும் குறிச்ச நாளில வயலுக்குள்ள இறங்கி, குனிஞ்சு, நெல்லின்ர அடியில தண்ணி மட்டத்துக்கு கொஞ்சம் மேல பாக்கோணும். ஒரு மாதத்துக்குள்ள ஒரு தலைமுறை முடிஞ்சு அடுத்தது வந்திடும், அதால தவறவிட்ட கிழமைய பிறகு போய் எண்ணி நிரப்ப ஏலாது. முரசுமோட்டைப் பக்கம் வயலுக்க நிக்கேக்க அம்மா போன் எடுத்து "இவனுக்கு திரும்ப வந்திட்டுது" எண்டா, வலிப்பு அஞ்சு நிமிசத்த தாண்டினா ஆஸ்பத்திரிக்கு கொண்டு ஓடோணும், நான் சேத்துக் காலோடயே மோட்டச்சைக்கிள்ல ஏறுவன், அந்தக் கிழமைக் கட்டம் வெறுமையா கிடக்கும்.

பிறகு 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதிய தடை செய்தாங்கள். நவம்பரில தடைய எடுத்தாலும் அதுக்கிடையில கமக்காரர் பட்ட பாடு கொஞ்ச நஞ்சம் இல்ல. எங்க கூட்டம் வைச்சாலும் ஒரே கேள்வி, கூட்டெருப் போட்டா மண் எப்ப தேறும், வைக்கோல எரிக்கிறதா, உழுது மண்ணுக்குள்ள தாக்கிறதா எண்டு. எனக்கும் அதில ஒரு பிடி விழுந்திட்டுது, அப்பதான் மண்ணின்ர சேதனக் காபனுக்கு, அதாவது வைக்கோல், எரு மாதிரி உக்கிற சாமானால மண்ணில சேருற காபனுக்கு, தலைப்ப மாத்தினன். உண்மையச் சொன்னா விஞ்ஞானக் காரணம் பாதி, மற்றப் பாதி மண் காத்திருக்கும் எண்டது. மாதிரிய எடுத்து நிழல்ல காயவிட்டு, ரெண்டு மில்லிமீற்றர் அரிதட்டால அரிச்சு, பையில பேர் எழுதி வைச்சா நான் வாட்டில நிண்டிட்டு வந்து பாத்தாலும் அது அப்பிடியே இருக்கும். காபன் எவ்வளவு எண்டு 1934ல வந்த வோக்லி பிளாக் முறையிலதான் பாக்கிறன், டைக்குரோமேற்றும் செறிந்த சல்பூரிக் அமிலமும் விட்டு அரை மணித்தியாலம் விடோணும், பிறகு நியமிக்கேக்க, அதாவது இன்னொரு கரைசல சொட்டுச் சொட்டா விட்டு அளக்கேக்க, ஊதா நிறம் ஒரு துளியில பச்சைக்கு மாறும். அமிலம் விட்டாப் பிறகு இடையில எழும்பிப் போக ஏலாது, அதால அதுக்கு முதல் வீட்டுக்கு ஒரு கோல் எடுத்திட்டுத்தான் போத்தல தொடுவன்.

ரியூப் விசயத்தில படிச்சது கைகுடுத்தது. ரியூப் வயித்துக்குள்ளதான் நிக்குதோ எண்டு பாக்க வாட்டில மிஸ்மார் காட்டித் தந்தது, சிறிஞ்சால காத்த அடிச்சு வயித்தில ஸ்டெதஸ்கோப் வைச்சுக் கேக்கிறது. அதை மட்டும் நம்பக் கூடாது, ரியூப் சுவாசப்பைக்குள்ள கிடந்தாலும் சத்தம் கேக்கலாம் எண்டு பிறகு வாசிச்சன். ரியூபால கொஞ்சம் இழுத்தெடுத்து பிஎச் தாளில தொட்டு, 5.5 அல்லது அதுக்குக் கீழ இருந்தா வயித்துக்குள்ளதான் எண்டு எடுக்கலாம். நாள் முழுக்க மண்ணுக்கு பிஎச் பாக்கிற ஆளுக்கு இது புதுசே! ஆனா மகனுக்கு நெஞ்செரிவுக்கு ஒமெப்பிறசோல் குடுக்கிறது, அது அமிலத்தக் குறைக்கும், தாள் ஆறு காட்டும். ஆறு எண்டா ரியூப் பிழையான இடத்திலயும் இருக்கலாம், மருந்தின்ர வேலையாவும் இருக்கலாம், வீட்டில இருந்து பிரிச்சு அறிய ஏலாது. அண்டைக்கு பால் குடுக்காமல் ஆஸ்பத்திரிக்கு கொண்டு போய் எக்ஸ்ரே எடுத்துத்தான் குடுத்தது. டொக்டர் "நீங்கள் எங்க வேலை செய்யுறீங்கள்" எண்டு கேட்டார், மண்ணுக்க எண்டன்.

2022ல கரண்ட் வெட்டு பதின்மூண்டு மணித்தியாலம் வரைக்கும் போனது நினைவிருக்கும். சளி இழுக்கிற மிசினுக்கு கரண்ட் வேணும். அந்த நேரம் படிப்பாவது மண்ணாவது. வட்டக்கச்சியில நான் மாதிரி எடுக்கிற வயல்கார ஐயா ஒருத்தர் உழவு மிசின் பற்றறியக் கழட்டிக்கொண்டு வந்து, "டீசல் இல்லாமல் அது சும்மாதானே நிக்குது, நீ வைச்சிரு பிள்ளை" எண்டு தந்திட்டுப் போனார். இன்வேட்டரை கடன்பட்டு வாங்கினம்.

வேலையிடத்தில சிலருக்கு என்னில ஒரு குறை, லீவு கூடவாம், பிள்ளைய வைச்சுக்கொண்டு இவவுக்கு என்னத்துக்கு மேற்படிப்பு எண்டும் ஒரு கதை. எனக்கு அந்த ஆய்வுகூட மணித்தியாலம் இல்லாட்டி விசர்தான் பிடிக்கும், அதை அவையளுக்கு விளங்கப்படுத்திற பொறுமை இல்ல.

வலிப்புக்கு ஒரு கொப்பி வைச்சிருக்கிறன், எத்தினை மணிக்கு, எவ்வளவு நேரம், எந்தக் கை முதல் இழுத்தது, காய்ச்சல் இருந்ததோ எண்டு. கிளினிக்கில அதைப் பாத்துத்தான் மருந்தின்ர அளவ மாத்துவினம். என்ர கையில இருக்கிற தரவுகளிலேயே துப்புரவானது அதுதான், ஒரு நாள் கூட விடுபடேல்ல. என்ர எம்ஃபில் சேர் ஒருக்கா சொன்னார், இதை ஒரு கட்டுரையா எழுதலாமே எண்டு. வேண்டாம் எண்டிட்டன். அது டொக்டருக்கு எழுதிற கொப்பி, எனக்கு வைக்கோல் கிடக்கு. எரிச்ச வயலுக்கும் உழுது தாட்ட வயலுக்கும் காபன் எவ்வளவு வித்தியாசம் எண்டு இன்னும் பிடிபடேல்ல, சிறுபோக மாதிரியள் காயட்டும்.