சிறுவீட்டுக்கு எத்தனை அறை?

"ஊரே வெளிநாட்டுக்குப் போவணும்னு நிக்குது, நீங்க என்னடான்னா அங்கயிருந்து இங்கன வந்திருக்கிய?" பாளையங்கோட்டைக்குக் குடிவந்த புதிதில் மளிகைக்கடை அண்ணாச்சி, ஆட்டோக்காரர், பள்ளிக்கூட ஆயா என்று ஒருவர் பாக்கியில்லாமல் கேட்ட கேள்வி இது. நான் மலேசியாவில், கிள்ளானில் பிறந்து வளர்ந்தவள். பாட்டனாரின் தகப்பனார் நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர். கணவருக்குத்தான் இந்த ஊர். அங்கே ஒப்பந்த வேலைக்கு வந்தவர், வேலை முடிந்ததும் அத்தையையும் மாமாவையும் தனியே விட மனமில்லாமல் ஊருக்கே போய்விடலாம் என்றார். மகளுக்கு அப்போது ஆறு வயது, மகனுக்கு நாலு.

விசா, ஆதார், வங்கிக் கணக்கு பற்றியெல்லாம் எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிய தலைவலி, சாயங்காலம் ஐந்து மணியிலிருந்து எட்டு மணி வரை இந்த இரண்டையும் என்ன செய்வது என்பதுதான். கிள்ளானில் அடுக்குமாடி வீடு. வாரக் கடைசியில் பேரங்காடி, மற்ற நாளில் வீடு நிறையப் பொம்மை. அதில் பெரும்பகுதியை உறவுக்காரப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு வந்தோம். தமிழ்நாட்டுத் தெரு என்றால் சாயங்காலம் பிள்ளைகள் ஓடி விளையாடிக்கொண்டிருக்கும், நம்முடையதும் அதில் கலந்துவிடும் என்பது என் கற்பனை. எங்கள் தெருவில் ஐந்து மணிக்கு ஒரு பிள்ளை கண்ணில் படாது. டியூஷன், கராத்தே, இந்தி வகுப்பு. எதுவும் இல்லாத பிள்ளை கையில் செல்போன்.

முதலில் கூட்டம் சேர்த்தது அத்தையின் பல்லாங்குழிதான். பரணிலிருந்து மாமா இறக்கிக் கொடுத்தார். என் பிள்ளைகள் இதற்கு உறவான சொங்காக் ஆட்டத்தை மலாய்க்காரப் பிள்ளைகளோடு ஆடிப் பழகியவர்கள். அதில் பலகையின் இரு முனையிலும் ஆளுக்கொரு பெரிய குழி உண்டு. அதுதான் அவரவர் வீடு. சுற்றி வரும்போதெல்லாம் தன் வீட்டில் ஒரு காய் போட்டுக்கொண்டே போகலாம். இங்கே பக்கத்துக்கு 7 குழி, மொத்தம் 14. அவ்வளவுதான், வீடு கிடையாது. கையில் காய் தீர்ந்து அடுத்த குழி காலியாக இருந்தால் அதைத் தடவிவிட்டு அதற்கடுத்த குழியை அள்ள வேண்டும். தன் குழியில் நாலு காய் சேர்ந்தால் பசு என்று எடுத்துக்கொள்ளலாம். "வீடு இல்லாம எப்படி ஆச்சி ஜெயிக்கிறது?" என்று என் மகள் போட்ட சண்டையைக் கேட்டுத்தான் எதிர்வீட்டுப் பிள்ளைகள் வந்து எட்டிப் பார்த்தார்கள். வந்த இரண்டு பேருக்கும் பல்லாங்குழி ஆடத் தெரியாது. படத்தில் பார்த்திருக்கிறார்களாம்!

ஒன்று சொல்ல வேண்டும். அத்தையின் தகர டப்பாவில் சோழியோடு ஒரு கை குன்றிமணியும் இருந்தது. சிவப்பும் கறுப்புமாகக் கண்ணைப் பறிக்கும். ஆனால் அந்த விதை கடிபட்டு உள்ளே போனால் கொடிய நஞ்சு. எதையும் வாயில் வைத்துப் பார்க்கும் வயதில் பிள்ளை இருக்கிற வீட்டில் அது கூடாது. புளியங்கொட்டைக்கு மாறினோம். புளிக்குப் பஞ்சமில்லாத ஊர்.

தட்டாங்கல்லும் அப்படித்தான் வந்து சேர்ந்தது. கிள்ளானில் எங்கள் பக்கம் அதற்குக் கல் கிடையாது. துணியை முக்கோணமாகத் தைத்து உள்ளே அரிசி போட்ட சின்னப் பைகள் ஐந்து. பழைய ரவிக்கைத் துணியில் நான் தைத்துக் கொடுத்தேன். எதிர்வீட்டுப் பெண் தாமிரபரணிக் கூழாங்கல் கொண்டுவந்தாள். பை விரலில் விழுந்தால் வலிக்காது, சின்னப் பிள்ளைக்கு அதுதான் சரி. ஆனால் கல்லின் சத்தம் பையில் வராது என்று சீக்கிரமே எல்லாரும் கல்லுக்குப் போய்விட்டார்கள். பைகளை மகன் குறிபார்த்து எறிய எடுத்துக்கொண்டான்.

நுங்குக் காலம் எங்களை மாமாவின் பூர்வீக ஊருக்கு இழுத்துப் போனது. சாத்தான்குளம் பக்கம். தூத்துக்குடி மாவட்டம் 1986-இல் பிரிந்துவிட்டது, மாமாவுக்கு இன்னும் அது நெல்லை ஜில்லாதான். நுங்கு தின்று முடித்த இரண்டு மட்டையை ஒரு குச்சியின் இரு முனையிலும் குத்தி, கவட்டைக் கம்பை நடுவில் கொடுத்துத் தள்ளினால் வண்டி. மகன் அதைத் தள்ளிக்கொண்டு தேரி மணலில் ஓடிய ஓட்டத்தைச் சொல்லி மாளாது. பனை ஓலைக் காற்றாடியும் மாமா செய்து காட்டினார். இரண்டு துண்டு ஓலையை ஒன்றுக்குள் ஒன்று மடக்கிக் கோத்து, நடுவில் உடைமரத்து முள்ளைக் குத்தி, முள்ளின் மறுமுனையைக் கம்பில் செருக வேண்டும். முள் துளையில் லேசாக ஆடினால்தான் சுற்றும், இறுகினால் நின்றுவிடும். மாமாவுக்கு எழுபது வயதுக்கு மேல். அந்த முள்ளைக் குத்தும்போது மட்டும் மூச்சைப் பிடித்துக்கொள்வார்.

குற்றாலச் சீசனில் கடைத்தெருவில் அம்பாசமுத்திரத்து மரச் செப்புச் சாமான் வாங்கினோம். அம்மி, உரல், திருகை, அடுப்பு எல்லாம் கடைசல் பிடித்து வண்ணம் ஏற்றியது. பிளாஸ்டிக் சமையல் செட்டைவிட நாலு மடங்கு நாள் உழைக்கிறது, தரையில் போட்டால் காது கிழிகிறது.

இனி தீபாவளி. மலேசியாவில் எங்கள் வீட்டுத் தீபாவளி அடுப்பில் பாதி, ஓவனில் பாதி. முறுக்கும் அதிரசமும் எண்ணெயில் வேகும்போதே அன்னாசி டார்ட் தட்டுத் தட்டாக ஓவனுக்குள் போகும். வீடு திறந்த இல்லம், மலாய்க்காரர் சீனர் என்று எல்லாரும் வருவார்கள். அவர்களுக்கு டின் டின்னாகப் பிஸ்கட் வேண்டும். பிள்ளைகளுக்குத் தீபாவளி என்றாலே மாவு உருட்டுவதுதான். இங்கே ஓவன் இல்லை என்பதுகூடப் பரவாயில்லை. அத்தை வீடு சைவம், முட்டை வாசல்படி தாண்டாது. டார்ட் மாவுக்கு முட்டை மஞ்சள் கரு வேண்டும்.

அதனால் வீட்டில் கேக், பக்கத்து வீட்டில் டார்ட் என்று பிரித்துக்கொண்டோம். கேக்குக்குத் தயிர் போதும். ஒரு கப் தயிரில் முக்கால் கப் சர்க்கரையைக் கரைத்து, ஒன்றேகால் டீஸ்பூன் பேக்கிங் பவுடரும் அரை டீஸ்பூன் சமையல் சோடாவும் போட்டு ஐந்து நிமிடம் வைத்தால் நுரைத்துப் பொங்கும். பிள்ளைகள் குனிந்து பார்க்கிற இடம் அது. பிறகு அரைக் கப் எண்ணெய், ஒன்றரைக் கப் சலித்த மைதா. பழைய அலுமினியக் குக்கரில் அடியில் கல்லுப்பைப் பரப்பி, மேலே ஒரு வளையம், மூடியில் கேஸ்கட்டும் வெயிட்டும் கழற்றியாயிற்று. பத்து நிமிடம் வெறுமனே சூடேற்றிவிட்டு, மாவுப் பாத்திரத்தை இறக்கி மூடி, தீயைச் சின்னதாக்கி முக்கால் மணி நேரம். அத்தை அடுக்களை வாசலிலேயே நின்றுகொண்டார். "தண்ணி ஊத்தாம வைக்கியே, குக்கர் வெடிச்சிராதா பிள்ள?" வெயிட் இல்லாத குக்கர் எங்கே வெடிக்கும் என்று சொல்லிப் பார்த்தேன். முக்கால் மணி நேரமும் பிள்ளைகளை முற்றத்தை விட்டு உள்ளே விடவில்லை. ஈர்க்குச்சியைக் குத்திப் பார்த்து மாவு ஒட்டவில்லை என்றதும் முதல் துண்டு கேட்டது அத்தைதான். ஒரு விஷயம், உப்பு போட்டுச் சூடேற்றிய குக்கர் மறுபடி சாம்பாருக்கு உதவாது. அதற்கென்று ஒன்றை ஒதுக்கிவிடுவது நல்லது.

டார்ட் கதை வேறு. பக்கத்து வீட்டு அக்கா கிறிஸ்தவர், சின்ன ஓவன் வைத்திருக்கிறார். அன்னாசியைத் துருவிச் சாறு பிழிந்து, சர்க்கரை, பட்டை, கிராம்போடு சுண்டக் கிண்டி வைத்துக்கொண்டு போனேன். கால் கிலோ வெண்ணெய்க்கு 400 கிராம் மைதா, 2 மஞ்சள் கரு, கொஞ்சம் பொடித்த சர்க்கரை. கிள்ளானில் ஏசி அறையில் உருட்டிய மாவு இங்கே விரல் சூட்டுக்கே இளகிப் போகிறது. பாதிப் பாதியாக ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்து, நாலு பிள்ளைகளும் வரிசையில் உட்கார்ந்து கூழாங்கல் அளவுக்கு அன்னாசி உருண்டை பிடித்தார்கள். ஒன்றும் ஒரே அளவில் இல்லை. பெரியது கசிந்தது, சின்னது கருகியது. அக்கா அதைத் தின்றுகொண்டே, "டிசம்பர்ல நம்ம முந்திரிக்கொத்துக்கு நீங்க வாங்க" என்றார்.

போனோம். முந்திரிக்கொத்தில் முந்திரி கிடையாது. வறுத்துத் திரித்த சிறுபயறும் தேங்காயும் பாகில் உருண்டையாகி, மாவில் முங்கி எண்ணெயில் வேகும். மூன்று மூன்றாக ஒட்டிக்கொண்டு வரும். கொதிக்கிற பாகு பெரியவர்கள் வேலை, ஆறியபின் உருட்டுவது பிள்ளைகள் வேலை. உருட்டி முடித்ததும் அக்காவின் மகன் நட்சத்திரம் கட்டச் சொல்லிக் கொடுத்தான். ஐந்து குச்சியில் ஒரு நட்சத்திரம், அதேபோல் இன்னொன்று. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஐந்து முனையிலும் நூலால் கட்டிவிட்டு, உள்மூலை ஐந்திலும் ஒரு சாண் குச்சியை முட்டுக் கொடுத்தால் வயிறு உப்பிக்கொள்ளும். மேலே வண்ணத்தாள், மைதாப் பசை. எங்கள் சைவ வீட்டு வாசலிலும் ஒன்று தொங்கியது. மாமா இரவில் அதற்கு விளக்குப் போட மறக்கவே மாட்டார். 1826-இல் கட்டிய ஊசிக்கோபுரத் தேவாலயத்துக்குப் பேரப்பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டியதும் அவர்தான்.

இடையில் கார்த்திகை வந்துபோனது. சந்தையில் குருத்தோலைக் கட்டு வாங்கி, அரிசி மாவு, கருப்பட்டி, தேங்காய், சிறுபயறு, சுக்கு, ஏலக்காய் பிசைந்து ஓலைக்குள் திணித்து, மேலே இன்னொரு ஓலையை மூடி, ஓலைக் கிழிசலாலேயே கட்டி அவிக்கும் கொழுக்கட்டை. நாலு வயதுப் பிள்ளைக்கு இதைவிடத் தோதான சமையல் நான் பார்த்ததில்லை. கத்தி இல்லை, சூடு இல்லை, அளவு இல்லை, அழகாக வரவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. அவிந்ததும் ஓலையைப் பிரித்தால் எல்லார் கொழுக்கட்டையும் ஒரே வரி வரியாகத்தான் இருக்கும்.

ஆனால் பிள்ளைகளை இந்தத் தெருவோடு சேர்த்தது மார்கழியும் சிறுவீடும். கோலத்தின் நடுவில் சாணி உருண்டை வைத்து அதில் பூசணிப்பூ செருகுவது தமிழ்நாட்டில் பல இடத்தில் உண்டு. நெல்லைச் சீமையில் அந்த உருண்டையைத் தூக்கிப் போடுவதில்லை. அன்றன்றைக்கு எடுத்து, பூவோடு தட்டிக் காயவைத்துச் சேர்க்கிறார்கள். பெண்பிள்ளைகளுக்கென்று வாசலிலோ முற்றத்திலோ மண்ணால் ஒரு சின்ன வீடு கட்டுவார்கள். தைப் பொங்கல் கழிந்து ஒரு நாளில் அந்த வீட்டு வாசலில் பிள்ளைகளே பொங்கலிட்டு, காய்ந்த பூத்தட்டுகளை ஆற்றில் விடுவார்கள். அதுதான் சிறுவீட்டுப் பொங்கல்.

தெருவில் பல வருசமாக யாரும் கட்டியதில்லையாம். அத்தைக்கு இடுப்பு வலி, மற்ற வீடுகளில் நேரமில்லை, முற்றங்களில் டைல்ஸ். என் மகள் கேட்டுக்கொண்டே இருந்ததால் அத்தை மனசு வைத்தார். களிமண் காருகுறிச்சிப் பக்கமிருந்து ஒரு குயவர் மூலம் வந்தது. சாணிக்கு அலைந்த அலைச்சல் தனி. பாளையங்கோட்டையில் மாடு வைத்திருப்பவர் யாரென்று விசாரித்துக்கொண்டு ஒரு மலேசியாக்காரி பக்கெட்டோடு போனதை இப்போதும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

மண்ணைக் குழைத்து மிதித்தது நாலைந்து பிள்ளைகள். எதிர்வீட்டுக்காரர்கள், அக்கா வீட்டு இரண்டு, டியூஷனுக்குப் போகிற வழியில் நின்றுவிட்ட ஒருத்தி. அத்தை நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு மேஸ்திரி வேலை. "ஏட்டி, செவரு அரை அடிக்கு மேல போவக்கூடாது. அடுக்களைக்கு வாசல் விடு. எங்க, பூசை அறை எங்க?" பிள்ளைகள் உள்ளங்கையால் சுவரைத் தடவித் தடவி வழவழப்பாக்கினார்கள். காய்ந்ததும் வெடிப்பு விட்ட இடத்தைச் சேற்றுத் தண்ணீர் தொட்டுப் பூசி, மேலே வெள்ளையும் காவியும். என் பிள்ளைகள் இதில் புதியவர்கள் என்பது யாருக்கும் தோன்றவே இல்லை. அங்கே இருந்த அத்தனை பிள்ளைகளுக்கும் அதுதான் முதல் சிறுவீடு. எது சரி எது தப்பு என்று தெரிந்தவர் அத்தை ஒருவர்தான். அவரிடம் எல்லாரும் சமமாகத் திட்டு வாங்கினார்கள். புது நாட்டுப் பிள்ளை என்று ஒதுக்கவோ கேலி செய்யவோ அங்கே யாருக்கும் முன்அனுபவம் இல்லை. நாங்கள் அரைத் தலைமுறை முந்தி வந்திருந்தால் என் மகள் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்திருப்பாள் என்றே நினைக்கிறேன்.

சிறுவீட்டுப் பொங்கலன்று சின்னப் பானை, மூன்று செங்கல் அடுப்பு. புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஊதியது பெண்பிள்ளைகள். இது பொம்பளைப் பிள்ளைக விசேஷம் என்று அத்தை சொல்லியும் மகன் நகரவில்லை. கடைசியில் பானைக்கு வெல்லம் போடும் உரிமை அவனுக்குக் கிடைத்தது. பூத்தட்டுகளைக் கூடையில் எடுத்துக்கொண்டு குறுக்குத்துறைக்குப் போய், ஒவ்வொன்றாகத் தாமிரபரணியில் விட்டோம். அத்தை கும்மிப் பாட்டு ஒன்றைப் பாடத் தொடங்கி, மூன்றாவது அடி மறந்துபோய், படித்துறையில் துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு ஆச்சி அதை எடுத்துக் கொடுத்தார்.

இந்த வருசம் இப்போதே திட்டம் போடுகிறார்கள். போன தடவை மூன்று அறை. மகள் காகிதத்தில் ஆறு அறை வரைந்து வைத்திருக்கிறாள், ஒன்று கிள்ளான் பாட்டி வந்தால் தங்க. மகன் கார் ஷெட் கேட்கிறான். எதிர்வீட்டுப் பெண் மாடி கேட்கிறாள். அரை அடிச் சுவருக்கு மாடி எங்கே நிற்கும் என்று அத்தை ஒத்துக்கொள்ளவில்லை. மாமா மட்டும் ஈர்க்குச்சி வைத்து உத்தரம் போடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறார்.