டிஜிட்டல் வாக்கி டாக்கிக்கு மாறியபோது பட்ட பாடு

புயல் நாளில் செல்போன் டவர் படுத்துவிட்டால் மின் விநியோகத்துக்கு வாக்கி டாக்கிதான் கதி. எங்கள் கோட்டத்தில் பழைய அனலாக் செட்டுகளை டிஎம்ஆர் என்ற டிஜிட்டல் வாக்கி டாக்கி முறைக்கு மாற்றி முடித்தோம். டெண்டர், கொள்முதல், ரிப்பீட்டர் (சிக்னலை வாங்கித் திரும்ப அனுப்பும் கருவி) மாட்டியது எல்லாம் சிக்கலில்லாமல் போயின. சிக்கல் வேறு இடத்தில் இருந்தது.

முதலில் உரிமம். "அதே அலைவரிசைதானே, பழைய உரிமமே போதும்" என்றார் சப்ளையர். போதாது. உரிமத்தில் எமிஷன் குறியீடும் இருக்கும்; எவ்வளவு அகலத்தில், எந்த வகை சிக்னல் அனுப்புகிறோம் என்பதைச் சொல்வது அது. எங்களுடையதில் இருந்தது 16கே0எஃப்3இ, அதாவது 25 கிலோஹெர்ட்ஸ் அனலாக் பேச்சு. டிஎம்ஆருக்கு 7கே60எஃப்எக்ஸ்இ வேண்டும். திருத்தம் கேட்டால், சப்ளையர் நிரப்பித் தந்த படிவத்திலும் பழைய குறியீடே! விண்ணப்பம் திரும்பி வந்தது. செட்டுகள் ஸ்டோரில் தூங்க, உத்தரவாதக் காலம் மட்டும் ஓடியது. டெலிவரி தேதியிலிருந்து அல்ல, இயக்கி ஒப்படைத்த நாளிலிருந்துதான் உத்தரவாதம் என்று டெண்டரிலேயே எழுதிவிடுங்கள். பழைய குறியீட்டையும் விடாமல் சேர்த்துக் கேளுங்கள். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

டிஎம்ஆரில் 12.5 கிலோஹெர்ட்ஸ் சேனல் ஒன்றிலேயே ஒரே நேரத்தில் இரண்டு பேச்சு போகும். லைன் வேலைக்கு ஒன்று, புகார் ஜீப்புக்கு ஒன்று என்று பிரித்ததில் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் பட்டனை அழுத்தி, 'பீப்' வருமுன் பேசினால் முதல் வார்த்தை போய்விடும். எல்.சி. (லைன் கிளியர், அதாவது மின்சாரத்தை நிறுத்தி லைனில் வேலை செய்யத் தரும் அனுமதி) கேட்கும்போது நம் ஆட்கள் முதலில் சொல்வதே ஃபீடர் பெயரைத்தான், அதாவது துணைமின் நிலையத்திலிருந்து புறப்படும் எந்த லைன் என்பதை. "காலனி ஃபீடர் எல்.சி. வேணும் சார்" என்று ஒருவர் கேட்க, துணைமின் நிலையத்தில் விழுந்தது "ஃபீடர் எல்.சி. வேணும் சார்" மட்டும். நல்லவேளை, ஆபரேட்டர் "எந்த ஃபீடர்?" என்று திருப்பிக் கேட்டார். இப்போது பீப்புக்குப் பிறகுதான் பேச்சு. எதிர்முனை ஃபீடர் பெயரைத் திருப்பிச் சொல்லும்வரை யாரும் கம்பம் ஏறுவதில்லை.

அனலாக்கில் சிக்னல் குறையக் குறைய இரைச்சல் ஏறும், நாமே தள்ளி நின்றுகொள்வோம். டிஜிட்டலில் ஏறக்குறைய கடைசிவரை தெளிவு, அப்புறம் ஒன்றுமே இல்லை. ஒரு துணைமின் நிலையம் இப்படி அடிக்கடி ஊமையானது. செட்டை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். ஆன்டெனா கேபிளின் கனெக்டரைக் கழற்றினால் உள்ளே பச்சைக் களிம்பு, தண்ணீர் சொட்டுகிறது. எஸ்டிமேட்டில் புது கேபிளையும் சேருங்கள்.

பெரிய எரிச்சல் கடவுச்சொல். செட்டுகளின் புரோகிராமைப் பூட்டி, கடவுச்சொல்லைச் சப்ளையரே வைத்துக்கொண்டார். புது ஜீப் ஒன்றைச் சேர்க்கக்கூட அவர் ஆள் வரவேண்டும், அதற்குத் தனி பில். கேட்டால் "கம்பெனி பாலிசி சார்". சரி என்று கடைசித் தவணையை நிறுத்திவைத்தோம். அந்த வாரமே கடவுச்சொல், புரோகிராம் செய்யும் கேபிள், மென்பொருள் எல்லாம் வந்துவிட்டன. முதல் வேலையாக 16வது சேனலில் பழைய அனலாக்கைப் போட்டோம். பக்கத்துக் கோட்டம் இன்னும் மாறவில்லை. புயல் வந்தால் அவர்களோடும் பேச வேண்டுமே. உரிமத்தில் பழைய குறியீட்டையும் கேட்கச் சொன்னது இதற்குத்தான்.