தெர்மல் மோனோகுலர் வாங்கும் முன் ஒரு சிறு கணக்கு

இரவில் விலங்குகளைப் பார்ப்பதற்காகத் தெர்மல் மோனோகுலர் (உடல் வெப்பத்தால் எழும் அகச்சிவப்புக் கதிர்களைக் கொண்டு இருட்டிலும் உருவங்களைக் காட்டும் ஒற்றைக்கண் கருவி) வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் பார்ப்பது, பெட்டியின் மேல் பெரிதாக அச்சிடப்பட்டிருக்கும் ‘கண்டறியும் தூரம்’ என்ற எண்ணைத்தான். 1,800 மீட்டர் என்று போட்டிருந்தால், அவ்வளவு தொலைவில் நிற்கும் மானை மான் என்றே அறியலாம் என்று நம்பிவிடுகிறார்கள். ஆள் உயர உருவம் ஒன்று திரையில் இரண்டு மூன்று பிக்சல்களாகத் தென்படக்கூடிய எல்லையையே அந்த எண் பொதுவாகக் குறிக்கிறது. அங்கே நிற்பது மானா, மாடா, மனிதரா என்பது அதிலிருந்து தெரியவராது.

இதை நாமே கணக்கிட்டுவிடலாம். வெப்பத்தை உணரும் சென்சாரின் பிக்சல் அளவை லென்ஸின் குவியத் தூரத்தால் வகுத்து, பார்க்கும் தொலைவால் பெருக்கினால், ஒரு பிக்சல் எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்பது கிடைக்கும். 12 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) பிக்சல் அளவுள்ள சென்சாரும் 35 மி.மீ. லென்ஸும் கொண்ட கருவியில், 100 மீட்டர் தொலைவில் ஒரு பிக்சல் சுமார் 3.4 செ.மீ. ஆகும், 20 செ.மீ. உயரமுள்ள முயல் அங்கே ஆறு பிக்சல் உயரத்தில் தெரியும், ஓரளவு ஊகிக்கலாம். அதே சென்சாருக்கு 19 மி.மீ. லென்ஸ் என்றால் மூன்று பிக்சல்தான். டிஜிட்டல் ஜூம் இதற்கு உதவாது. இருக்கும் பிக்சல்களைப் பெரிதாக்கிக் காட்டுவதோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது.

அப்படியானால் பெரிய லென்ஸே நல்லதா என்றால், நான் அப்படிச் சொல்லமாட்டேன். 384×288 பிக்சல்கள் கொண்ட சென்சாரில் 35 மி.மீ. லென்ஸ், 100 மீட்டரில் சுமார் 13 மீட்டர் அகலத்தையே காட்டும், 19 மி.மீ. லென்ஸ் 24 மீட்டரைக் காட்டும். மரங்கள் அடர்ந்த இடத்தில் பார்வை அறுபது மீட்டரைத் தாண்டுவதே அரிது என்பதால், அங்கே குறுகிய காட்சியோடு விலங்கைத் தேடுவது குழாய்க்குள் கண்ணை வைத்துக்கொண்டு நடப்பதற்குச் சமம். திறந்த புல்வெளிக்கு 35 மி.மீ., காட்டுக்கு 19 அல்லது 25 மி.மீ. என்பது என் கருத்து. 640×512 சென்சார் இரண்டையும் ஓரளவு சேர்த்துத் தரும், ஆனால் விலை வெகுவாக ஏறிவிடும்.

அடுத்தது, மில்லிகெல்வினில் (ஒரு டிகிரியில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறிக்கப்படும் வெப்ப நுண்ணுணர்வு, அதாவது கருவி பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய வெப்பநிலை வேறுபாடு. எண் குறையக் குறைய நல்லது. காற்றில் ஈரம் மிகுந்து, மழைக்குப் பின் எல்லாப் பரப்புகளும் ஏறக்குறைய ஒரே வெப்பநிலைக்கு வந்துவிடும் இரவுகளில், 25 மில்லிகெல்வின் கருவிக்கும் 50 மில்லிகெல்வின் கருவிக்கும் உள்ள வேறுபாடு தெளிவாகத் தெரியும். ஆயினும் இதை எல்லா நிறுவனங்களும் ஒரே முறையில் அளப்பதில்லை என்பதால், இயன்றால் ஈரமான இரவொன்றில் கருவியைக் கையில் வாங்கிப் பார்ப்பதே மேல்.

நொடிக்கு 9 படங்கள் மட்டும் காட்டும் கருவியில் ஓடும் விலங்கு விட்டுவிட்டு நகர்வதுபோல் தெரியும். 25-க்குக் குறையாமல் இருக்கட்டும். படத்தைச் சீராக்க அவ்வப்போது மூடித் திறக்கும் உள் ஷட்டரின் ‘டிக்’ ஒலி, அமைதியான இரவில் அருகிலிருக்கும் விலங்கை மிரளச் செய்யக்கூடும். அதைத் தேவைப்படும்போது மட்டும் இயக்கும் வசதி உண்டா என்று கேளுங்கள். கழற்றி மாற்றக்கூடிய பேட்டரி அவசியம்.

எந்தக் கருவியாலும் ஆகாதவையும் உண்டு. சாதாரணக் கண்ணாடி இந்த அகச்சிவப்புக் கதிர்களை மறித்துவிடும்; கார் ஜன்னலை ஏற்றிவைத்துக்கொண்டு பார்த்தால் வெளியே எதுவும் தெரியாது. தரையின் வெப்பநிலையிலேயே இருக்கும் தவளையும் பாம்பும் எளிதில் தப்பிவிடும். பகல் வெயிலில் காய்ந்த பாறைகள் முன்னிரவில் விலங்குகளைப்போல் ஒளிரும் என்பதால், அவை ஆறியபின் விடியலுக்குச் சற்று முன்பு தேடுவது எளிது. வேட்டைக்கும் பயன்படும் கருவி என்பதால் சில இடங்களில் இதற்குக் கட்டுப்பாடு உண்டு. பணம் கட்டுவதற்கு முன் உங்கள் பகுதியின் விதியைக் கேட்டறிந்துகொள்ளுங்கள்.