காரணம் என்ற ஒரு கட்டம்

எங்கள் விசாரணைப் படிவத்தில் "காரணம்" என்று ஒரு கட்டம் உண்டு. இரண்டு சொல் எழுதலாம். மூன்றாவது சொல் கோட்டைத் தாண்டிவிடும். மனிதவளப் பிரிவில் இருந்த காலத்தில் அதில் நான் அதிகம் எழுதியது "கவனக்குறைவு", அதற்கடுத்து "கீழ்ப்படியாமை". எழுதும்போது கை தயங்கியதாக நினைவில்லை.

உலோகத் தகடுகளை இயந்திரத்தில் அழுத்தி வடிவமைக்கும் பிரஸ் ஷாப்பில் 18 ஆண்டு வேலை பார்த்தவர் ஒருவர். அதுவரை ஒரு மெமோ வாங்கியதில்லை. திடீரென்று இரண்டு மாதத்தில் மூன்று புகார்: சொன்னதைச் செய்யவில்லை, மாற்றிச் செய்தார், கேட்டால் எரிந்து விழுந்தார். "திமிர் சார், வேறொண்ணுமில்ல" என்றார் புது சூப்பர்வைசர். நானும் அப்படியே எடுத்துக்கொண்டேன்.

இதில் வெட்கப்பட ஒன்று இருக்கிறது. பிறர் செய்ததற்கு அவர் குணத்தையே காரணமாக்கி, சூழலைக் குறைத்து எடைபோடும் நம் பழக்கத்துக்கு லீ ராஸ் என்ற உளவியலாளர் 1977-இல் "காரணம் கற்பிப்பதில் அடிப்படைப் பிழை" என்றே பெயர் வைத்தார். அதைப் பயிற்சி வகுப்பில் மற்றவர்களுக்கு நடத்தியவனே நான்தான்.

ஆண்டு மருத்துவப் பரிசோதனை முடிவு வந்தபோதுதான் அந்தத் தொழிலாளியின் ஆடியோகிராமை, அதாவது காது கேட்கும் திறனைக் காட்டும் வரைபடத்தை, பார்த்தேன். இயந்திர இரைச்சல் காதைக் கெடுக்கும்போது பெரும்பாலும் முதலில் போவது 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய உயர்ந்த சுருதி ஒலிகள். சத்தம் கேட்கும், சொல் பிரியாது. உயிரொலிகள் வந்து சேரும், மெய்யொலிகள் பல தேய்ந்துவிடும். கூப்பிட்டால் திரும்புவார், சொன்ன வேலையைச் செய்ய மாட்டார். வெளியிலிருந்து பார்த்தால் அது அச்சு அசலாகத் திமிர் மாதிரியே இருக்கும்.

சரி, காதுதான் காரணம் என்று எழுதப் போனேன். பழைய அறிக்கைகளைப் புரட்டினால், அந்தக் காது பல ஆண்டுகளாகவே அப்படித்தான். அப்படியானால் இப்போது மட்டும் ஏன்?

ஓய்வு பெற்றுப் போன சூப்பர்வைசர் கிட்டே வந்து, முகம் பார்த்து, கையையும் காட்டிப் பேசுகிறவர். இவர் உதட்டையும் விரலையும் பார்த்தே வேலையை முடித்துவிடுவார். புதியவரோ வாக்கி டாக்கியில் சொல்கிறவர். அதே சமயத்தில் இரவு ஷிஃப்டும் சுழற்சியில் வந்தது. பாதிச் சொல்லைக் கேட்டு மீதியை ஊகிக்க மூளைக்குத் தெளிவு வேண்டும். பகலில் அரைத் தூக்கம் தூங்கியவருக்கு அது எங்கிருந்து வரும்? ஆனால் அதே சூப்பர்வைசர், அதே இரவு ஷிஃப்டில் மற்றவர்கள் ஒழுங்காகத்தான் வேலை பார்த்தார்கள். தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் எதையும் செய்யவில்லை.

"இதுல காது எத்தனை சதவீதம், ஷிஃப்ட் எத்தனை சதவீதம்?" என்று மேலாளர் கேட்டார். இரண்டு கை தட்டி வந்த ஓசையில் வலக்கைக்கு எத்தனை பங்கு என்று கேட்பது போலத்தான். நடத்தை என்பது ஆளும் சூழலும் சேர்ந்து பிறப்பிப்பது என்று உளவியலாளர் கர்ட் லெவின் 1936-இலேயே சூத்திரமாக எழுதிவைத்தார். அதைச் சொல்லி மேலாளரிடம் தப்ப முடியவில்லை.

சூப்பர்வைசரின் கேள்விதான் இன்னும் உறுத்துகிறது. "எல்லாத்துக்கும் நாலு காரணம் சொன்னா, அப்புறம் யாரைத்தான் சார் கேக்குறது?" அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. அந்த எரிந்து விழுந்த பேச்சு இவருடையதுதானே. இவரும் அதை மறுக்கவில்லை.

கடைசியில் அவரைக் கூப்பிட்டு, "அண்ணே, உங்களைப் பகல் ஷிஃப்டுக்கே மாத்திடலாம்" என்றேன். இரண்டாம் முறை, முகத்தைப் பார்த்துச் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். தலையை ஆட்டி மறுத்தார். "வேண்டாம் சார். நைட் அலவன்ஸ்லதான் பொண்ணு படிப்பு ஓடுது. காது விஷயம் தெரிஞ்சா நைட்டை எடுத்துடுவீங்கன்னுதான் இத்தனை நாளா வாயைத் திறக்கல."

படிவம் மேசை மேல்தான் இருந்தது. அந்தக் கட்டத்தில் நான் இன்னும் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.